நான்கு மாதத்தில் பாதி நரம்பு போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 54, உயரம் 181 சென்டிமீட்டர். எட்டு மாதங்களாக இரண்டு உள்ளங்கால்களிலும் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. படுத்தால் அதிகமாகிறது. நான்கு மாதங்களுக்கு முன் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொண்டேன். வலது கால் சூரல் நரம்பில் அலையின் உயரம் 14 மைக்ரோவோல்ட், வேகம் வினாடிக்கு 37.8 மீட்டர், ‘ஆரம்பநிலை நரம்பு நோயாக இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். சென்ற வாரம் வேறொரு பரிசோதனைக் கூடத்தில் மறுபடியும் செய்தேன். அதே நரம்பில் 7 மைக்ரோவோல்ட், வேகம் 42.4, ‘இயல்பு’ என்கிறது அறிக்கை. ஆனால் உள்ளங்கால் நரம்பில் இரு பக்கமும் ‘அலை கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. நான்கு மாதத்தில் பாதி நரம்பு போய்விட்டதா? இணையத்தில் ஓரிடத்தில் 6 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இருந்தால் இயல்பு என்கிறார்கள், இன்னோரிடத்தில் 4, வேறோரிடத்தில் 10. எதை நம்புவது? மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. வயிற்று அமிலத்துக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறேன். நரம்புச் சத்து மாத்திரை தினம் இரண்டு. பழைய இடுப்புவலியும் உண்டு. முதல் சோதனை நடந்த அறை ஜில்லென்று இருந்தது; இரண்டாவது இடத்தில் காலை வெந்நீரில் வைத்த பிறகே சோதித்தார்கள்.

பதில்: பாதி நரம்பு போய்விடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலையின் அளவு 14இலிருந்து 7க்கு இறங்கியிருக்கிறது; வேகமோ 37.8இலிருந்து 42.4க்கு ஏறியிருக்கிறது. நரம்பு நோய் இப்படி நடந்துகொள்ளாது. நரம்பிழைகள் மடிந்துகொண்டு வந்தால் அலை சிறுத்துக்கொண்டே போகும், வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்கும் அல்லது சற்றுக் குறையும். இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை பழுதுபட்டால் வேகம் விழும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறினால் முதலில் அளந்த விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடிதத்தின் கடைசி வரியில், அது முக்கியம் என்று தெரியாமலேயே, விடையையும் நீங்கள் எழுதிவிட்டீர்கள்: ஜில்லென்ற அறை, வெந்நீர்.

அந்தச் சோதனையில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பார்கள். வெளிக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இரண்டு சிறு தகடுகளை ஒட்டி, அங்கிருந்து கெண்டைக்கால் பக்கமாக டேப்பால் 14 சென்டிமீட்டர் அளந்து பேனாவால் புள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளியில் கருவியை அழுத்தி மின் தூண்டல் கொடுத்தபோது பாதத்தின் வெளி ஓரம் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடியிருக்கும். சூரல் நரம்பு பரிமாறும் பகுதி அது. திரையில் கிடைப்பது மிகச் சின்ன அலை. தசைக்குப் போகும் நரம்பைத் தூண்டினால் மில்லிவோல்ட் கணக்கில் அலை வரும். உணர்வு நரம்பின் அலை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோவோல்ட்டில்தான் வரும். மின்விசிறி, குழல்விளக்கு, பக்கத்து அறை இயந்திரம் எல்லாம் கிளப்பும் மின் இரைச்சலுக்குள் இதைத் தேட வேண்டியிருப்பதால், பல தடவை தூண்டிச் சராசரி எடுப்பார்கள். இவ்வளவு நுணுக்கமான அலையில் 14க்கும் 7க்கும் உள்ள இடைவெளி, தாளில் தெரிகிற அளவுக்குப் பெரியதல்ல. கணுக்காலில் தகட்டை நரம்பின் மேலிருந்து சற்று விலக்கி ஒட்டினாலே அலை கணிசமாகச் சிறுத்துவிடும்.

அறிக்கையில் உள்ள இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக எல்லைக்கோட்டைத் தொட்டவரின் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் எப்படியோ, வேகம் என்பது அப்படி. மிக விரைவான சில இழைகள் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தன என்பதற்குமேல் அது எதையும் சொல்லாது. அலையின் உயரம்தான் மொத்தம் எத்தனை பேர் ஓடி வந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. சர்க்கரையாலும் சத்துக்குறைவாலும் வரும் நரம்பு நோய்களில் பெரும்பாலானவை முதலில் ஆட்களைக் குறைக்கும். அதனால் பாதத்தில் நான் முதலில் பார்ப்பது உயரத்தை. உங்கள் முதல் அறிக்கை 14 மைக்ரோவோல்ட் என்ற திருப்தியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வேகத்தை மட்டும் பார்த்து ‘நோயாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது.

அந்த வேகம் எப்படி வந்தது என்று கணக்குப் போடலாம். 14 சென்டிமீட்டர் என்றால் 140 மில்லிமீட்டர். அலை தொடங்க எடுத்த நேரத்தால் அதை வகுத்தால் வேகம். 3.3 மில்லிவினாடி என்றால் 42.4, 3.7 மில்லிவினாடி என்றால் 37.8. நோய்க்கும் நலத்துக்கும் நடுவே உங்கள் அறிக்கையில் நின்றது 0.4 மில்லிவினாடி. டேப்பிலும் இதே கதைதான். 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்த புள்ளியை 14 என்று குறித்திருந்தால், அதே 3.7 மில்லிவினாடிக்கு உண்மையான வேகம் 40.5. பல கூடங்கள் வேகத்துக்கு வைத்திருக்கும் 40 என்ற எல்லைக்குக் கீழே இருந்தவர் அதற்கு மேலே வந்துவிடுவார். வளைந்த காலின் மேல் தோலை இழுத்துப் பிடித்து அளக்கும்போது ஒரு சென்டிமீட்டர் தவறுவது பெரிய காரியமே இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் முதல் குற்றவாளி குளிர்தான். 1850ஆம் ஆண்டில் தவளையின் நரம்பில் முதன்முதலாக வேகத்தை அளந்து காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி இது. தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும். உங்கள் இரண்டு அளவுகளுக்கும் இடையே இருப்பது 4.6 மீட்டர், இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும். குளிரூட்டிய அறையில் காலை நீட்டிப் படுத்திருப்பவரின் பாதம் அதைவிட அதிகமாகவும் குளிர்ந்துவிடும். குளிரின் விசேஷம், அது வேகத்தைக் குறைக்கும்போதே அலையைப் பெரிதாக்கும். நரம்பிழையில் சோடியம் நுழையும் வாயில்கள் குளிரில் மூடத் தாமதமாவதால் ஒவ்வோர் இழையின் அலையும் அகன்று உயர்கிறது. அகன்ற அலைகள் ஒன்றோடொன்று நன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. வேகம் குறைந்து, அலை உயர்ந்து இருப்பது சில்லிட்ட காலின் அடையாளம். உங்கள் முதல் அறிக்கை அச்சு அசலாக அதுதான்.

காலின் தோல் குறைந்தது 30, 31 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் சூடாக்கிவிட்டு அளக்க வேண்டும். இது இந்தத் துறையின் அரிச்சுவடி. முதல் அறிக்கையில் வெப்பநிலைக் குறிப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வெப்பநிலை எழுதாத நரம்புக் கடத்தல் அறிக்கையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதன் பேரில் ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்டியிருந்தால் இன்னும் அதிகமாக வரும்.

குளிர் மட்டுமே 7ஐ 14 ஆக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அலையின் உயரத்தை அளப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சில கூடங்கள் அடிக்கோட்டிலிருந்து மேல் முனை வரை அளக்கும். சில கூடங்கள் மேல் முனையிலிருந்து, அதற்கடுத்து வரும் பள்ளத்தின் கீழ் முனை வரை அளக்கும். ஒரே அலையை இரண்டாவது முறையில் அளந்தால் எண் பெரிதாகவே வரும், சில சமயம் இரு மடங்குக்கும் பக்கத்தில் வரும். அறிக்கையுடன் அலைப் படங்கள் அச்சாகியிருந்தால், அளவுக் குறிகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை உங்கள் மருத்துவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். படம் இல்லாமல் எண்களை மட்டும் கொடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். அலைப்படம் இல்லாத அறிக்கை அரை அறிக்கை.

இனி அந்த 4, 6, 10 பஞ்சாயத்து. பெரியவர்களின் சூரல் நரம்புக்கு, 14 சென்டிமீட்டர் தூரத்தில், பல கூடங்கள் வைத்திருக்கும் எல்லைகள் இவை: அலையின் உயரம் 6 மைக்ரோவோல்ட்டுக்குக் குறையக்கூடாது, வேகம் வினாடிக்கு 40 மீட்டருக்குக் குறையக்கூடாது, அலையின் உச்சி வந்து சேரும் நேரம் 4.4 மில்லிவினாடியைத் தாண்டக்கூடாது. எல்லா வயதினரையும் சேர்த்துக் கணக்கிட்ட சில அட்டவணைகள் உயரத்துக்கு 4ஐக் கீழ் எல்லையாக வைக்கின்றன. இளைஞர்களை மட்டும் சோதித்தோ, மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை அளந்தோ தயாரித்த அட்டவணையில் எல்லை இன்னும் மேலே போகும். புறங்காலுக்கு உணர்வு தரும் மேலோட்டப் பெரோனியல் நரம்புக்கும் ஏறக்குறைய இதே எல்லைகள்தான். ஆகவே மூன்று எண்களில் எது சரி என்ற கேள்விக்கு விடை, எது உங்களைச் சோதித்த கூடத்தின் முறையோடு பொருந்துகிறதோ அது. இணையத்து அட்டவணையில் தூரம் என்ன, எப்படி அளந்தார்கள், யாரை அளந்தார்கள் என்ற மூன்றும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அந்த எல்லைகூட எப்படி வந்தது? ஆரோக்கியமானவர்களை வரிசையாகச் சோதித்து, அவர்களில் கடைக்கோடியில் உள்ள இரண்டு மூன்று சதவீதத்தினரை வெட்டிவிட்டுக் கோடு போடுகிறார்கள். அப்படி வெட்டப்பட்டவர்களும் நோயில்லாதவர்கள்தான். ஒரே ஆளிடம் பத்துப் பதினைந்து எண்களை எடுத்தால், ஏதாவது ஒன்று கோட்டுக்கு வெளியே விழுவது சாதாரணம். ஒற்றை எண்ணை வைத்து நான் யாருக்கும் நோய் சொல்வதில்லை. அது பக்கத்து நரம்பிலும் இருக்கிறதா, மறுகாலிலும் இருக்கிறதா, உடலைத் தொட்டுப் பார்த்துக் கிடைத்த தகவலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு. ஒரு காலின் அலை மறுகாலின் அலையில் பாதிக்கும் கீழே இருந்தால், இரண்டுமே எல்லைக்குள் இருந்தாலும் கவனிப்பேன். உங்கள் இடதுகால் எண்ணை நீங்கள் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உயரமும் கணக்கில் வர வேண்டும். உயரமானவர்களின் நரம்பு, குறிப்பாக முழங்காலுக்குக் கீழே, இயல்பிலேயே சற்று மெதுவாகக் கடத்தும். வயது ஏற ஏற வேகம் கொஞ்சமும் அலையின் உயரம் அதைவிட அதிகமாகவும் குறையும். எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் சூரல் அலை கிடைக்காமல் போனாலும் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. உடல் பருமனும் கணுக்கால் வீக்கமும் தகட்டுக்கும் நரம்புக்கும் இடையே தூரத்தைக் கூட்டி அலையைச் சிறிதாக்கும். 54 வயதில், 181 சென்டிமீட்டர் உயரத்தில், சூடேற்றிய காலில் 7 மைக்ரோவோல்ட்டும் 42.4 மீட்டரும் எனக்கு எந்தக் கவலையும் தரவில்லை.

‘அலை கிடைக்கவில்லை’ என்ற வரிதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். அது மீடியல் பிளான்டார் என்னும் உள்ளங்கால் நரம்பு. உங்களுக்கு எரிவது உள்ளங்கால். சூரல் நரம்போ பாதத்தின் வெளி ஓரத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது. அதனால் உள்ளங்கால் நரம்பைச் சோதித்தது நியாயமே. காலில் தொலைவான இழைகளே முதலில் அடிபடும் என்பதால், ஆரம்பநிலையைப் பிடிக்க அது சூரலைவிடக் கூர்மையான சோதனையும்கூட. சங்கடம் என்னவென்றால், உள்ளங்கால் தோல் தடிமனானது, நரம்பு ஆழத்தில் ஓடுகிறது, அலை மிகச் சிறியது. நோயே இல்லாத நடுவயதுக்காரர்களிடமும் அது கிடைக்காமல் போவது உண்டு. இளைஞர் ஒருவருக்கு ஒரு பக்கம் நன்றாகக் கிடைத்து மறுபக்கம் கிடைக்கவில்லை என்றால் அதற்கு அர்த்தம் அதிகம். உங்கள் வயதில் இரு பக்கமும் கிடைக்கவில்லை என்றால், அதை நான் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்வேன். நோய்க்குச் சாட்சியாகவும் எடுக்கமாட்டேன், நோயில்லை என்பதற்கும் எடுக்கமாட்டேன்.

இதற்குமேல் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. சோதனை இயல்பு என்றால் கால் ஏன் எரிகிறது? இந்தச் சோதனை அளப்பது மயலின் உறை போர்த்திய தடித்த இழைகளை மட்டும். அதிர்வு, தொடுதல், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றைச் சுமப்பவை அவை. எரிச்சலையும் சூடு குளிரையும் சுமப்பவை உறை மிக மெல்லிய, அல்லது உறையே இல்லாத நுண்ணிழைகள். அவை இந்தக் கருவியின் கண்ணில் படுவதே இல்லை. நுண்ணிழை நரம்பு நோய் உள்ளவருக்குச் சூரல் அறிக்கை அப்பழுக்கில்லாமல் வரும். ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள். உறுதி செய்ய வேண்டுமானால், வெளிக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் எடுத்து, மேல்தோலுக்குள் நுழையும் நரம்பிழைகளை எண்ணும் சோதனை இருக்கிறது. எல்லோருக்கும் அது தேவைப்படாது. ஒரு குண்டூசியையும் குளிர்ந்த உலோகத்தையும் விரல் நுனியிலிருந்து முழங்கால் வரை வைத்துப் பார்த்து, எங்கே உணர்வு மாறுகிறது என்று கேட்கும் பொறுமை உள்ள மருத்துவருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இடுப்புவலி பற்றி: முதுகுத்தண்டில் நரம்பு வேர் நசுங்கினாலும் கால் மரத்துப்போகும், ஆனால் உணர்வு நரம்பின் உயிரணு அந்த நசுங்கும் இடத்துக்கு வெளியே இருப்பதால் சூரல் அலை குறையாது. ஆகவே இயல்பான சூரல் அறிக்கை டிஸ்க் பிரச்சினையை விலக்கிவிடாது. எனினும் இரு உள்ளங்கால்களும் ஒரே சமயத்தில் ஒரே அளவில் இரவில் எரிவது டிஸ்க்கின் வழக்கமான போக்கு அல்ல. இப்போதைக்கு இதை விட்டுவிடலாம்.

இனி செய்ய வேண்டியவை. உங்கள் 6.1 என்பது சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. இந்த நிலையிலேயே நுண்ணிழைகள் பாதிக்கப்படுவதைப் பார்க்கிறோம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையையும் செய்துகொள்ளுங்கள். சராசரியில் ஒளிந்திருப்பது அதில் சில சமயம் தலைகாட்டும். அமில மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பது உணவிலிருந்து பி12 சத்து பிரிந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எனவே பி12 பார்க்க வேண்டும். உங்கள் நரம்புச் சத்து மாத்திரையிலேயே பி12 இருந்தால் இரத்த அளவு நன்றாக இருப்பதாகவே காட்டும் என்பதையும், அதை எவ்வளவு நாளாக எடுக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவு எல்லையோரமாக வந்தால், பி12 குறையும்போது இரத்தத்தில் கூடும் மெத்தில் மலோனிக் அமிலம் என்ற பொருளைப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். தைராய்டு, சிறுநீரகம், இரத்தத்தில் புரதப் பகுப்பு ஆகியவை வழக்கமான பட்டியல். மது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அந்த மாத்திரையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பைரிடாக்சின் என்ற பெயருக்கு எதிரே எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அது பி6 வைட்டமின். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 2 மில்லிகிராமுக்கும் குறைவு. சில மாத்திரைகளில் 100 மில்லிகிராம் வரை அடைத்திருப்பார்கள். நீங்கள் இரண்டு சாப்பிடுகிறீர்கள். நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் இந்தச் சத்து, அளவு மீறி மாதக்கணக்கில் போனால் உணர்வு நரம்புகளையே கெடுக்கும். எரிச்சல், மரப்பு, இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம் எல்லாம் அதில் வரும். பி6 அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு உடனே நிறுத்துங்கள். பி12 தேவையென்று தெரிந்தால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். எரிச்சலுக்கு பிரீகாபலின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தூக்கம், இரத்த அழுத்தம், இதயம் சார்ந்த கணக்குகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள்.

மூன்றாவது முறையாக இந்தச் சோதனையை இப்போது செய்துகொள்ள வேண்டாம். அறிகுறிகள் முழங்கால் நோக்கி ஏறினால், அல்லது ஓராண்டு கழித்து மருத்துவர் கேட்டால், இரண்டாவது கூடத்திலேயே, காலைச் சூடாக்கி, அதே தூரத்தில், அதே முறையில் அளக்கச் சொல்லுங்கள். அப்போது வரும் எண்ணை இந்த 7உடன் ஒப்பிடலாம், பழைய 14உடன் கூடாது. சில நாட்களுக்குள் கால் பலவீனமடைந்து மாடிப்படி ஏற முடியாமல் போனாலோ, மரப்பு வேகமாகக் கைக்கும் பரவினாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பி12 அளவு, குளுக்கோஸ் சோதனை முடிவு, மாத்திரை அட்டையில் உள்ள பைரிடாக்சின் அளவு, இடதுகால் சூரல் எண் ஆகிய நான்கும் கையில் வந்ததும் எழுதுங்கள்.